மணித்திரை வகுப்பு

என் வயதுக்காரர்களே, நாலரை வயதில் நீங்கள் என்ன சாதித்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் ஒரு சர்ச் கமிட்டியைத் தோற்கடித்தேன். அடக்கத்தினால் இத்தனை வருஷம் இதைச் சொல்லாமல் இருந்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். உட்கார்ந்து கேட்க ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் நாவலூரிலிருந்து மகள் போன் செய்தாள். அவளுடைய கடைக்குட்டியைப் பிளே ஸ்கூலில் சேர்த்திருக்கிறாள். "அம்மா, மூணு வயசுலயே பேட்டர்ன் ரெகக்னிஷன் சொல்லித் தர்றாங்க. சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம்னு வச்சா அடுத்தது என்னன்னு குழந்தையே கண்டுபிடிக்கணும். உங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்றாள். போனை வைத்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். அறுபதுகளின் கடைசியில் கிழக்குத் தாம்பரத்தில் மூக்கு ஒழுகத் திரிந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் சாட்சிக்கு வரலாம்.

எங்கள் சர்ச்சுக்குப் பின்னால் ஓடு போட்ட ஓர் அறை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அது ஓய்வுநாள் பள்ளி. மற்ற நாட்களில் காலையில் எங்களுடைய குழந்தைகள் வகுப்பு. உள்ளே நுழைந்தால் உருகின மெழுகுவர்த்தி வாசனையும் ஈரக் கோரைப்பாய் வாசனையும் சேர்ந்து அடிக்கும். ஜன்னலுக்கு வெளியே ஒரு சந்து, சந்தைத் தாண்டி ரயில்வே வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். மின்சார வண்டி போனால் ஜன்னல் கம்பிகள் கிடுகிடுவென்று ஆடும். அந்தச் சந்து வழியாகத்தான் அம்மா என்னை அழைத்து வருவாள். ஒரு கையை அம்மா பிடித்திருப்பாள். இன்னொரு கை வேலிக் கற்களைத் தடவிக்கொண்டே வரும். விரல் நுனியில் கருங்கல் தூசி இல்லாமல் நான் வகுப்புக்குள் போனதே கிடையாது.

டீச்சருக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுதான் இருக்கும். பட்டணத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி முடித்தவர். பிறந்த வீடு கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணம் செய்துகொண்டு எங்கள் சபைக்கு வந்தவர். எங்கள் சபையோ பிராட்டஸ்டண்ட்; மாதா வணக்கம், செபமாலை எதுவும் எங்களுக்குக் கிடையாது. அதனால் அவர் ஆராதனைக்கு வந்து உட்கார்ந்தால், "மாதா கோயில் வீட்டுப் பொண்ணு" என்று இரண்டு பெஞ்சுக்குப் பின்னால் யாராவது முணுமுணுப்பார்கள். அவர் ரொம்பப் பொறுமைசாலி என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். சுள்ளென்று கோபம் வரும். கோபம் வந்தால் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வார், நாங்கள் வாயை மூடிக்கொள்வோம்.

ஒரு வருஷம் பார்க்கலாம் என்று சொல்லித்தான் கமிட்டி அவருக்கு அந்த அறையைக் கொடுத்திருந்தது. மேஜை நாற்காலி, விளையாட்டுச் சாமான் எதுவும் கிடையாது. டீச்சர் தன் கல்யாணத்துக்கு வந்த மணித்திரையில் கை வைத்தார். அந்தக் காலத்தில் கொஞ்சம் நாகரிகமான வீடுகளில் கூடத்து வாசலில் தொங்குமே, அந்தத் திரை. பழுப்பு நிறத்தில் சின்ன மரமணிகள், கறுப்பில் பெரிய மணிகள். தினம் ஒரு சரத்தை அவிழ்த்து பிஸ்கட் டப்பாவில் போட்டு எடுத்துவருவார். அவர் வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் திரைக்கு வழுக்கை விழுந்துகொண்டு வருவது தெரியும். முதலில் கூடம் தெரிந்தது. பிறகு மாமனாரின் ஈஸிசேர் தெரிந்தது. பிறகு பனியனோடு மாமனாரே தெரிந்தார்.

எங்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா மாடம்பாக்கத்திலிருந்து நடந்து வருவாள். அவளுக்கு இது பெரிய கவலை. "இன்னாம்மா, வூட்டுத் திரைய இப்டி அவுத்துகினு வந்தா ஒங்க மாமியாரு சும்மாவா இருப்பாங்கோ?" என்று கேட்டாள்.

"இருக்க மாட்டாங்க ஆயா. அதுக்குத்தான் அவங்க எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே கெளம்பி வந்துடறேன்" என்றார் டீச்சர்.

நூலின் முனையைப் பலிபீடத்து மெழுகுவர்த்தித் துண்டில் தேய்த்து விறைப்பாக்கித் தருவார். இரண்டு சின்னது, ஒரு பெரியது, இரண்டு சின்னது என்று தானே கோத்துக்காட்டி நிறுத்துவார். "அடுத்து என்ன?" இந்த ஒரு கேள்விதான் எங்கள் பாடத்திட்டம். மணி மட்டும் இல்லை. கைதட்டு, கைதட்டு, தொடையில் ஒரு தட்டு, அடுத்து என்ன? ஒரு டம்ளர் நிமிர்த்தி, ஒரு டம்ளர் கவிழ்த்து, அடுத்து என்ன? எங்கள் செருப்புகளையும் வாசலில் அப்படித்தான் விட வேண்டும். இடையில் வேண்டுமென்றே தப்பாக ஒன்றை வைப்பார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து "தப்பு டீச்சர்" என்று கத்த வேண்டும். பெரியவர்களைப் பார்த்துத் தப்பு என்று சொல்லலாம் என்பதே எங்களுக்குப் புதுச் செய்தி. உயிரைக் கொடுத்துக் கத்துவோம். நான் மட்டும் கத்த மாட்டேன்.

நான் அப்போது பேசாத குழந்தை. பேசத் தெரியாமல் இல்லை. பேசும்படியாக ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. வீட்டில் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். "கொஞ்சம் மந்தம்" என்று அப்பா தாழ்ந்த குரலில் அம்மாவிடம் சொல்வார். குழந்தைக்குக் காது கேட்காது என்று நம்பித்தான் பெரியவர்கள் பாதி விஷயம் பேசுகிறார்கள்.

அப்பாவுக்குப் பாரிமுனையில் ஆபீஸ். தினம் காலையில் வண்டி நடைமேடைக்கு வரும் சத்தம் கேட்ட பிறகுதான் செருப்பில் கால் நுழைப்பார். எப்படியோ ஒரு நாளும் வண்டியைத் தவறவிட்டதில்லை. சாயங்காலம் திரும்பி வந்து காபி குடித்ததும் சிலேட்டை எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவார். A என்று எழுதுவார், பக்கத்தில் B என்று எழுதுவார், "அடுத்து?" என்பார். நான் குச்சியை வாங்கி மறுபடியும் ஒரு A எழுதுவேன். டீச்சரிடம் அது சரியான விடை. அப்பா அதை எச்சில் தொட்டு அழித்துவிட்டு மறுபடி கேட்பார். நான் மறுபடி A எழுதுவேன். "அந்தக் கிளாசுல மணி கோக்கறதைத் தவிர ஒண்ணும் நடக்கல. இதை இப்படியே விட்டா கான்வெண்ட்ல எடுக்க மாட்டாங்க" என்று சிலேட்டைக் கீழே வைப்பார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதே எழுத்தை நான் எதற்காக எழுதுகிறேன் என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம் அந்த மனிதர்.

ஒரு நாள் டீச்சர் எல்லோருக்கும் நூலைக் கொடுத்து, "இன்னிக்கு நான் ஆரம்பிச்சுத் தர மாட்டேன். நீங்களே உங்களுக்குத் தெரிஞ்ச வரிசை ஒண்ணைக் கோத்துக் காட்டுங்க" என்றார். மற்ற பிள்ளைகள் ஒன்றுவிட்டு ஒன்று கோத்துவிட்டு எழுந்து ஓடினார்கள். நான் காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். வரிசையாகச் சின்ன மணிகள், பிறகு ஒரு பெரிய மணி. மறுபடி சின்ன மணிகள், மறுபடி ஒரு பெரிய மணி. எத்தனை என்று எண்ண எனக்குத் தெரியாது. எங்கே நிறுத்த வேண்டும் என்று விரலுக்குத் தெரிந்திருந்தது.

டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து சரத்தை முழுவதும் தடவிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பிறகு மூன்றாவது கொத்தில் அவர் விரல் நின்றது. "பாப்பா, எல்லாத்துலயும் ஆறு இருக்கு. இங்க மட்டும் அஞ்சு. ஒரு மணி விட்டுப்போச்சு பாரு" என்று அவரே அவிழ்த்து ஒரு மணியைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். அவர் திரும்பினதும் நான் முடிச்சைப் பல்லால் கடித்து அந்த மணியை எடுத்துவிட்டேன். மறுபடி வந்து சேர்த்தார். மறுபடி எடுத்தேன். மூன்றாவது முறை புடவைத் தலைப்பு இடுப்புக்குப் போனது. "பிடிவாதத்தைப் பாரு" என்றார். ஆனால் அப்படியே முடிச்சுப் போட்டு, மாலையாக்கி என் கழுத்தில் போட்டுவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த மாலையோடுதான் சர்ச்சுக்குப் போனேன். எங்கள் போதகரை ஐயர் என்று சொல்வோம். பூணூல் போட்ட ஐயர் இல்லை, வெள்ளை அங்கி போட்ட ஐயர். நல்ல மனிதர், ஆனால் ஜெபத்தை ஆரம்பித்தால் முடிக்க மாட்டார். உலகத் தலைவர்கள், மழை, நோயாளிகள், பரீட்சை எழுதுகிறவர்கள் என்று ஒவ்வொருவராக வருவார்கள். அந்த நீண்ட ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருக்க, நான் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மணியாக விரலால் நகர்த்திக்கொண்டிருந்தேன். வேறு எதற்கும் இல்லை, பொழுது போகத்தான்.

கமிட்டி செயலாளர் பக்கத்து பெஞ்சில் இருந்தார். உயரமான மனிதர், சர்க்கார் ஆபீசில் கண்டிப்பான அதிகாரி. மழை இல்லாத நாளிலும் கையில் குடை இருக்கும். அவர் நான் மணி உருட்டுவதைப் பார்த்துவிட்டார். ஜெப நேரத்தில் அவர் கண் எப்படித் திறந்திருந்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை, இன்றுதான் நான் கேட்கிறேன்.

ஆராதனை முடிந்ததும் கமிட்டி அங்கேயே கூடியது. இடம், எங்கள் வகுப்பு அறை; சர்ச்சிலிருந்து பெஞ்சுகளைக் கொண்டுவந்து போட்டார்கள். ஐயர், செயலாளர், இன்னும் நாலைந்து பெரியவர்கள், என் அப்பா, அம்மா. வகுப்புப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் வாசலில் கூட்டமாக நின்றார்கள். டீச்சரை நடுவில் நிற்கவைத்தார்கள். அவர் வீட்டுக்காரர் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார். மாமனாரும் மாமியாரும் கூட்டத்தின் ஓரமாக நின்று, அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள்.

செயலாளர் என் மாலையைக் குடை நுனியில் மாட்டித் தூக்கிப் பிடித்தார். "நம்ம சபைப் பிள்ளை, நம்ம சபைக்குள்ள, ஜெபம் நடக்கும்போது செபமாலை உருட்டுது. சின்ன மணி, சின்ன மணி, அப்புறம் ஒரு பெரிய மணி. இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு நான் சொல்லணுமா? எழுத்துச் சொல்லிக்குடுப்பாங்கன்னு ரூம் குடுத்தோம். நாளைலேர்ந்து இந்த ரூமைப் பூட்டிடலாங்கறது என் அபிப்பிராயம்" என்றார்.

"சார், நான் பிள்ளைங்களுக்கு வரிசை பார்க்கத்தான் சொல்லிக்குடுக்கறேன். வரிசையைக் கண்ணு பிடிச்சுட்டா எழுத்து தன்னால வரும்" என்றார் டீச்சர்.

"வரிசையோ, ஜெபமோ. இது செபமாலை. கண்ணிருக்கிறவங்க யாருக்கும் தெரியும்."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அப்பாவும் ஆட்டினார். அந்த அறையை நான் சுற்றிப் பார்த்தேன். மூலையில் சுருட்டி வைத்த பாய், ஜன்னல் விளிம்பில் மெழுகுவர்த்தித் துண்டுகள், பிஸ்கட் டப்பா. பூட்டிவிட்டால் எனக்குச் சிலேட்டு மட்டும்தான் மிச்சம் என்று அந்த வயதிலும் தெளிவாகப் புரிந்தது. உலகத்தில் நான் மந்தம் இல்லாத இடம் அது ஒன்றுதான்.

"தப்பு" என்றேன்.

உரக்கத்தான் சொன்னேன் போலிருக்கிறது. அறையே திரும்பிப் பார்த்தது. அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். அதற்குள் வாசலில் நின்ற வகுப்புப் பிள்ளைகள் பழக்க தோஷத்தில் கோரஸாக "தப்பு, தப்பு" என்று பிடித்துக்கொண்டார்கள்.

டீச்சர் என்னைப் பார்த்தார். தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். "சார், செபமாலையில பத்துச் சின்ன மணிக்கு ஒரு பெரிய மணி. நான் அந்த வீட்ல பொறந்தவ, எனக்குத் தெரியும். இதுல எத்தனைன்னு நீங்களே எண்ணிப் பாருங்க."

செயலாளர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினார். ஆறு. அடுத்ததும் ஆறு. ஐயர் மெதுவாகச் சிரித்தார். ஆனால் செயலாளர் லேசில் விடுகிற ஆள் இல்லை. மூன்றாவது கொத்துக்கு வந்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "ஆறு, ஆறு, இங்க அஞ்சு. அப்புறம் மறுபடி ஆறு. சரி, செபமாலை இல்லைன்னே வச்சுக்கிறேன். அப்ப இது என்ன வரிசை? வரிசை சொல்லிக்குடுக்கறேன்னு சொன்னீங்களே, அதுவும் பிள்ளைக்கு வரலியே. அப்ப இந்த கிளாஸ் எதுக்கு?"

டீச்சர் அந்தக் கொத்தையே பார்த்தார். அந்த ஐந்து எதற்கு என்று அவருக்கும் தெரியாது. அவரும் அதைப் பிழை என்றுதானே நினைத்திருந்தார்.

நான் போய்ச் செயலாளர் கையிலிருந்து மாலையை வாங்கினேன். பிடுங்கினேன் என்றுதான் அம்மா கடைசிவரை சொன்னாள். அப்பா கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். "எங்கடி?" என்றார். நான் இழுத்துக்கொண்டே நடந்தேன். என்ன விஷயம் என்று பார்க்க ஐயர் எழுந்து வந்தார். ஐயர் எழுந்தால் கமிட்டியும் எழ வேண்டும். கமிட்டிக்குப் பின்னால் சபையே வந்தது.

சந்து முனையில், ரயில்வே வேலி ஆரம்பிக்கும் இடத்தில் போய் நின்றேன். உங்களுக்கு அந்த வேலி நினைவிருக்கலாம். தோளளவு உயரத்துக்குக் கருங்கல் பலகைகளை நட்டிருப்பார்கள். கொஞ்சம் கல்லுக்கு ஒரு தரம் பழைய தண்டவாளத் துண்டு ஒன்று உயரமாக நிற்கும். ஒரு கையில் மாலை, ஒரு கையால் கல். கல்லைத் தொட்டேன், சின்ன மணியைத் தள்ளினேன். அடுத்த கல், அடுத்த மணி. ஆறு கல் முடிந்ததும் தண்டவாளத் துண்டு. பெரிய மணி. வெயிலில் இரும்பு சுட்டது, கையை எடுக்கவில்லை. மறுபடி ஆறு கல், ஒரு தண்டவாளம்.

"கர்த்தரே" என்றார் ஐயர். "வேலி. பிள்ளை நம்ம வேலியைக் கோத்திருக்கு."

எனக்குப் பின்னால் டீச்சர் மூச்சை இழுத்துவிடுவது கேட்டது. கூட்டம் நெருங்கி வந்தது. ஆனால் மூன்றாவது பகுதி வர வர, சில காலடிகள் மெதுவாவதையும் கவனித்தேன். செயலாளர் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். அப்பா வானத்தைப் பார்த்தார்.

மூன்றாவது பகுதியில் ஒரு கல் இல்லை. யாரோ எப்போதோ பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு இடைவெளி. இரண்டு பக்கக் கல்லும் சட்டை உரசி உரசி வழவழவென்று ஆகியிருந்தன. அந்தப் பக்கம் புல்லை மிதித்து ஒற்றையடிப் பாதை, தண்டவாளத்தைத் தாண்டி நேரே நடைமேடைக்குப் போயிற்று. நான் காற்றைத் தொட்டுக் காட்டிவிட்டு, மணி எதையும் தள்ளாமல் அடுத்த கல்லுக்குப் போனேன்.

எங்கள் வகுப்பில் ஒரு வாயாடிப் பெண் உண்டு. அவள் முன்னால் வந்து, "இது எங்கப்பா ட்ரெயினுக்குப் பூந்து போற வழி. இவங்கப்பாவும் போவாங்க. குடை மாமாவும் போவாங்க. குடைதான் மாட்டிக்கும்" என்றாள்.

முதலில் சிரித்தவர் டீச்சரின் மாமியார். பிறகு ஐயர், பிறகு பெண்கள் எல்லோரும். ஆண்களுக்குச் சிரிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. தினமும் தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டி ஓடும் தங்கள் வீரத்தை யாரும் பார்க்கவில்லை என்று அவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் தினமும் காலையில் பாயில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். டீச்சருக்கு மட்டும் ஜன்னல் பக்கம் முதுகு.

"வேலியைப் பத்தி இன்னொரு நாள் பேசலாம். ரயில்வேகாரங்க காதுல விழாம பேசணும்" என்றார் ஐயர். "கிளாசைப் பத்திப் பேச இனிமே என்ன இருக்கு, செயலாளர் சார்?"

செயலாளர் மூன்றாவது பகுதியின் கற்களை இன்னொரு முறை தானே எண்ணினார். ஐந்துதான். "ஒண்ணும் இல்ல ஐயரே" என்றார்.

டீச்சர் புழுதியிலேயே மண்டியிட்டு என்னைத் தன் பக்கம் திருப்பினார். அவர் கண் கலங்கியிருந்தது. "மணி சேர்க்கச் சொன்னேனே உன்னை. நான்தான் தப்பு" என்றார். பெரியவர்கள் என்னிடம் சொன்ன வார்த்தைகளில் இதைவிட உயர்ந்ததை இன்றுவரை நான் கேட்டதில்லை. அப்பா என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டு வீடுவரை நடந்தார். வழியெல்லாம் எனக்கு ஊரே கீழே தெரிந்தது.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு சிலேட்டை எடுத்தார். A, B என்று எழுதிவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கொடுத்து, "அடுத்து?" என்றார். நான் A எழுதினேன். அவர் குச்சியை வாங்கி அதற்குப் பக்கத்தில் B எழுதினார். நான் ஒரு A. சிலேட்டு நிறையும்வரை இரண்டு பேரும் மாற்றி மாற்றி எழுதினோம். அன்று அவர் எதையும் அழிக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. வழக்கம்போல் ஆபீஸ் வண்டி வரும் நேரத்தில் நாங்கள் வகுப்புக்குள் இருந்தோம். வண்டி ஊதியது. சந்தில் அவசரமாகச் செருப்புச் சத்தம். முன்னால் செயலாளர் குடையோடு, பின்னால் அப்பா சாப்பாட்டு டப்பாவோடு. இடைவெளிக்கு எதிரே வந்ததும் செயலாளர் பழக்கத்தில் ஒருக்களித்துத் தோளை நுழைத்தார். நாங்கள் எல்லோரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். டீச்சரும் எங்களோடு நின்றார். யாரும் சொல்லித்தரவில்லை. முதலில் நான்தான் ஆரம்பித்தேன்.

"தப்பு."

பின்னாலேயே முழு வகுப்பும் கத்தியது. செயலாளர் அப்படியே நின்றார். ஜன்னலைப் பார்த்தார். தோளை வெளியே இழுத்துக்கொண்டு, குடையை விடுவித்துக்கொண்டு, ரயில்வே கேட் இருக்கும் பக்கம் சுற்றுவழியாக நடக்கத் தொடங்கினார். அப்பா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு அவருக்குப் பின்னால் போனார்.

அன்று இரண்டு பேரும் வண்டியைத் தவறவிட்டார்கள். நாங்கள் பாயில் போய் உட்கார்ந்தோம். டீச்சர் பிஸ்கட் டப்பாவைத் திறந்து, "அடுத்து என்ன?" என்றார்.